பெரியண்ணனும் சின்னண்ணனும்

 பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஆவடி வழியாக ஓடும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையோடு நின்றுவிடும். அதற்கு அடுத்த ஊர் திருப்பத்தூர். அங்கே 1921-இல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். கம்பளி நூல் ஆலை நடத்திய பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நான் இத்தனை வருஷம் நடத்திய வரலாற்றுப் பாடத்தில் இந்த இரண்டு பெயரும் வந்ததே இல்லை.

அந்தக் காலத்து மிஷனரிகள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வெள்ளைக்காரர் பங்களாவில் இருப்பார், படித்த இந்தியரானாலும் ஒரு படி கீழேதான். கொடுக்கிற கை எப்போதும் மேலே. பிரிட்டனிலேயே நண்பர்களாகிவிட்ட இவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒரே கூரை, கதர் உடை, சைவச் சாப்பாடு, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சுற்றுப்பட்டு ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபிக்கக் கட்டிய ஆலயத்தைக்கூட நம் கோயில் பாணியில் கோபுரம் வைத்துத்தான் கட்டினார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அவர்களைக் கூப்பிட்ட முறை. வயதில் மூத்த ஏசுதாசன் பெரியண்ணன். பேட்டன் சின்னண்ணன். ஆண்ட நாட்டுக்காரர், செல்வச் சீமான், ஒரு தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார்! பணத்தைக் கொடுப்பது சுலபம் பிள்ளைகளே, மேலே உட்காரும் இடத்தை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

அதற்கு விலையும் கொடுத்தார். 1932-இல், அந்நியத் துணி மறியல் நடந்த நேரம். சென்னையில் கதர் உடையோடு நின்ற இந்த வெள்ளைக்காரரைப் போலீஸ் அடித்தது, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரை கேள்வி போனது. வேறு யாராவது என்றால் கப்பலேறியிருப்பார். இவர் ஊருக்குத் திரும்பவில்லை, தமிழ்நாட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியண்ணன் 1969-இல் மறைந்தார். சின்னண்ணன் மறுவருஷமே, 1970-இல்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது ஆசிரமத்துக்குப் போயிருந்தால் கீழே எழுதுங்களேன். கோபுரத்தின் படம் இருந்தாலும் போடுங்கள்.