உறைந்த ஏரியில் பழகிய பிரேக்

ஸ்வீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஹோர்னாவான் ஏரிக்கரையில் ஆர்யெப்லோக் என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதையும் சேர்த்தாலும் மூவாயிரம் பேர் தேறமாட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நாசா மலையில் வெள்ளி கிடைத்தபோது, தாதுவை இழுத்துச் செல்லும்படி சாமி இன மக்களையும் அவர்கள் வளர்த்த துருவ மான்களையும் ஸ்வீடன் அரசு கட்டாயப்படுத்தியது. இந்த வட்டாரத்தின் பழைய வரலாறு அந்தக் கொடுமையோடு பிணைந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களில், ஜெர்மானியப் பொறியாளர்கள் கார்களோடு அங்கே வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பனிக்கட்டி. கனரக வண்டிகளைத் தாங்கும் அளவுக்கு உறைந்த ஏரி, மாதக்கணக்கில் மாறாத குளிர், சறுக்கினாலும் மோதுவதற்கு மரமோ சுவரோ இல்லாத வெளி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. இன்று நம் கார்களில் ஏபிஎஸ், ஈஎஸ்பி என்று மூன்றெழுத்தில் சுருங்கிக் கிடக்கும் கருவிகள் பக்குவப்பட்டது இப்படிப்பட்ட ஏரிகளின் மேல்தான்.

இந்தக் கருவிகளின் வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது வழக்கம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. அவற்றில் எதுவுமே சாலையின் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் பங்கிட்டுத் தருகின்றன, அவ்வளவுதான். காய்ந்த தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை முழு பிரேக் அழுத்தினால் சுமார் 12 மீட்டரில் நிறுத்திவிடலாம். அதே கார், அதே வேகம், வழுக்கும் பனிக்கட்டி என்றால் நூறு மீட்டர் வேண்டியிருக்கும். எத்தனை நுட்பமான கருவி பொருத்தியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மட்டும் தூரம் கால்வாசியாகிவிடும். ஆகவே ஓட்டுநர் தன் வேகத்தைக் குறைத்துச் சேர்த்து வைத்த பாதுகாப்பைத்தான் கருவி காக்க முடியும். கடந்த அரை நூற்றாண்டுச் சான்றுகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு வேறு முடிவு கிடைக்கவில்லை.

சக்கரம் லாக் ஆவது பழைய தொல்லை. உருளும் சக்கரத்துக்குத்தான் பக்கவாட்டுப் பிடி உண்டு. பிரேக் இறுகி அது உருளாமல் நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போன திசையிலேயே வழுக்கிப் போகும். அதனால்தான் பனி நாடுகளின் பழைய ஓட்டுநர்கள் பிரேக்கை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, காலாலேயே தாளம் போட்டு வண்டியை நிறுத்தப் பழகியிருந்தார்கள். இதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் வெகு முன்பே தோன்றிவிட்டது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1936லேயே சக்கரம் லாக் ஆவதைத் தடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது. முதலில் பலன் கண்டது விமானத் துறை. 1950களில் டன்லப் நிறுவனத்தின் மேக்ஸரெட் கருவி, ஈரமான ஓடுதளத்தில் இறங்கும் விமானங்களின் டயர்கள் கிழிந்துபோகாமல் காத்தது. அதே கருவியை 1966இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் பொருத்தினார்கள்; நான்கு சக்கர இயக்கமும் கொண்டிருந்த அந்த விலையுயர்ந்த கார் மொத்தமே சுமார் 320தான் விற்றது. முழுக்க இயந்திரவியலால் ஆன அமைப்பு போதிய வேகத்தில் எதிர்வினை காட்டவில்லை. நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் இடைவிடாமல் கண்காணித்து, நொடிக்குப் பல முறை பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி இறுக்க மின்னணுவியல் தேவைப்பட்டது. 1970இல் மெர்சிடிஸ் நிறுவனம் உண்டர்டுர்க்ஹைம் சோதனைத் தடத்தில் ஒரு முன்மாதிரியைக் காட்டியது. அதை நம்பகமான விற்பனைப் பொருளாக்க மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. போஷ் தயாரித்த எண்ம முறை ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரிலும், அதை ஒட்டி பிஎம்டபிள்யூ 7 வரிசையிலும் வந்தது.

வந்த பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் மியூனிக் நகர வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில், ஒரு பகுதி கார்களுக்கு ஏபிஎஸ் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. அஷன்பிரென்னர், பீல் என்ற ஆய்வாளர்கள் அவற்றின் விபத்துகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். ஏபிஎஸ் கார்களின் விபத்து குறையவே இல்லை. ஓட்டுநர் அறியாமல் பயணிகளைப் போல ஏறி அமர்ந்த பார்வையாளர்கள் காரணத்தைக் குறித்து வந்தார்கள்: ஏபிஎஸ் கார்களை ஓட்டியவர்கள் திருப்பங்களை இன்னும் வெடுக்கென்று எடுத்தார்கள், தடத்துக்குள் ஒழுங்காக ஓட்டவில்லை, மற்ற வண்டிகளோடு உரசல் வரும் நிலைமைகளை அதிகம் உண்டாக்கினார்கள். அமெரிக்காவிலும் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1990களில் இதே ஏமாற்றத்தைப் பதிவு செய்தது. ஏபிஎஸ் உள்ள கார்களில் இருப்பவர்கள், வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாத விபத்துகளில் இறப்பது கூடியிருந்தது. பல ஆண்டுத் தரவுகளைத் திரட்டி அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட அறிக்கையும், கார்களின் மொத்த விபத்துகளை ஏபிஎஸ் 6 விழுக்காடு குறைத்தது என்றும், உயிர்ப்பலி விபத்துகளில் நிகரப் பலன் ஏறக்குறைய பூஜ்யம் என்றும் சொன்னது.

அப்படியானால் ஏபிஎஸ் வீண் என்று சொல்லிவிடலாமா? அது அவசர முடிவு. ஏபிஎஸ் வாக்களித்தது ஸ்டீயரிங் வேலை செய்யும் என்பதை. நிறுத்தும் தூரம் எல்லாத் தரையிலும் குறையும் என்பதை அது ஒருபோதும் வாக்களித்ததில்லை. இளகிய சரளையிலும் புதுப் பனியிலும் தூரம் கூடவே செய்யும். லாக் ஆன சக்கரம் தனக்கு முன்னால் பனியை ஆப்புபோலக் குவித்துக்கொண்டு அதில் முட்டி நிற்கிறது. ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் அந்த ஆப்பு சேர்வதில்லை. 1999இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில் இளகிய சரளையில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரம் சராசரியாக 27 விழுக்காடு கூடியிருந்தது. இதை அறியாத ஓட்டுநர், கருவி இருக்கிறது என்ற தெம்பில் முன்வண்டியை நெருங்கினால் அவர் சேமிப்பு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பழைய பழக்கமும் குறுக்கே வந்தது. மிதித்து மிதித்து விடக் கற்ற கால், ஏபிஎஸ் காரிலும் அதையே செய்தது. அது கருவியின் வேலையைக் கலைத்தது. மிதி காலடியில் படபடவென்று அதிர்ந்ததும், ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சிக் காலை எடுத்தவர்களும் உண்டு. அழுத்திய காலை எடுக்காமல் அழுத்தியபடியே வைத்து, போக வேண்டிய திசையைப் பார்த்துத் திருப்ப வேண்டும் என்ற எளிய பாடம் கார் விற்பனையோடு கூடவே போய்ச் சேரவில்லை. என் கணிப்பில் அந்தக் காலகட்டத்தின் பெரிய குறை இதுதான்: இயந்திரம் மாறியது, ஓட்டக் கற்பிக்கும் முறை மாறவில்லை.

அடுத்த கருவியின் கதை வேறு மாதிரிப் போனது. 1989 பிப்ரவரியில் மத்திய ஸ்வீடனின் ஸ்ட்ரோம்சுண்டுக்கு அருகே, ஃபிராங்க் வெர்னர் மோன் என்ற மெர்சிடிஸ் பொறியாளர் சோதனைக்காக ஓட்டிய கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. இழுவை வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், ஏபிஎஸ்ஸின் உணரிகளோடு கார் தன் அச்சில் சுழல்வதை அளக்கும் கருவியையும் சேர்த்தால் இந்தச் சறுக்கலையே தடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதாக அந்நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. போஷ் நிறுவனத்தில் ஆண்டன் வான் சாண்டன் தலைமையிலான குழு இதே கேள்வியில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கால் கேட்கும் திசைக்கும் வண்டி உண்மையில் திரும்பும் திசைக்கும் இடைவெளி விழுந்தால், ஈஎஸ்பி குறிப்பிட்ட ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்குகிறது. தேவைப்பட்டால் இன்ஜின் விசையையும் குறைக்கிறது. 1995இல் எஸ் கிளாஸ் கூப்பேயில் அது விற்பனைக்கு வந்தது. பணக்காரர்களின் காரிலிருந்து அதைச் சாதாரணக் காருக்கு இறக்கியது ஒரு தோல்வி. 1997 அக்டோபரில் ஸ்வீடன் இதழ் ஒன்று, சாலையில் திடீரெனக் காட்டுமான் குறுக்கிட்டால் எப்படி ஒடிப்போமோ அப்படி ஒடித்துச் சோதித்தபோது மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்தச் சிறிய காருக்கு ஈஎஸ்பியை எல்லா வண்டிகளிலும் பொருத்தித் தர நிறுவனம் முடிவெடுத்தது.

ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2004இல் கொடுத்த முதல் கணக்கு, ஈஎஸ்பி விபத்துகளை 22 விழுக்காடும், பனியும் பனிக்கட்டியும் மூடிய சாலைகளில் 38 விழுக்காடும் குறைத்ததாகச் சொன்னது. தரவு குறைவு என்பதால் பிழை எல்லை அகலமாக இருந்தது உண்மை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கூடுதல் தரவோடு செய்த ஆய்விலும், வழுக்கும் சாலைகளில் கட்டுப்பாடு இழந்து நேரும் கடுமையான விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. 2003இல் ஸ்வீடனில் விற்ற புதிய கார்களில் நூற்றுக்குப் பதினைந்தில்தான் இக்கருவி இருந்தது. சில ஆண்டுகளிலேயே தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா 2007இல் விதி இயற்றி, 2011 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஏபிஎஸ் தந்த பாதுகாப்பை ஓட்டுநர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்தார்கள் என்றால், ஈஎஸ்பி தந்ததை மட்டும் ஏன் செலவழிக்கவில்லை? எனக்குப் புலப்படும் விடை இது. ஏபிஎஸ் ஓட்டுநரின் காலடியில் அதிரும் கருவி. அது இருப்பதும், வேலை செய்வதும் அவருக்குத் தெரியும், அதை நம்பி அவர் முன்கூட்டியே துணிந்துவிட முடியும். ஈஎஸ்பியோ பிடிமானத்தின் எல்லை கடந்த பிறகுதான் தலையிடுகிறது. பெரும்பாலான நாட்களில் அதற்கு வேலையே இல்லை. தலையிட்டாலும் முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு சில நொடிகள் மினுக்கி அணைவதோடு சரி. தெரியாத சேமிப்பை யாரும் கரைக்க முடியாது. இதே காரணத்தால், அந்த விளக்கு அடிக்கடி மினுக்குகிறது என்றால் அதைக் கருவியின் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாலை தாங்கும் வேகத்தைத் தாண்டி ஓட்டுகிறோம் என்ற எச்சரிக்கை அது. அடுத்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இன்னொரு தரப்பு, கருவியை நம்புவதைவிட மனிதனின் கைத்திறனை வளர்ப்பதே மேல் என்று வாதிடும். கேட்பதற்கு இது சரியாகத்தான் படுகிறது. நோர்டிக் நாடுகள் இதைச் சோதித்தும் பார்த்தன. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிய சறுக்குத்தளப் பயிற்சியை 1980களில் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்ற இளைஞர்களின் வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. 1996இல் ஸ்வீடன் ஆய்வாளர் நில்ஸ் பேட்டர் கிரேகர்சன் இளம் ஓட்டுநர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சறுக்கலைச் சமாளிக்கும் திறன் கற்பிக்கப்பட்டது. மற்றதற்குத் தங்கள் திறன் எவ்வளவு குறைவு என்பது உணர்த்தப்பட்டது. இரு குழுக்களின் உண்மைத் திறனிலும் வேறுபாடு இல்லை. முதல் குழு தன் திறனை மிகையாக மதிப்பிட்டது, அதுதான் வேறுபாடு. இதற்குப் பின் ஸ்வீடன் தன் சறுக்குப் பயிற்சியின் நோக்கத்தையே, சமாளிக்கக் கற்பதிலிருந்து சறுக்கும் நிலைக்கே போகாமலிருக்கக் கற்பதாக மாற்றிக்கொண்டது. ஆக, அசட்டுத் துணிவை ஊட்டினால் பயிற்சியும் ஏபிஎஸ்ஸைப் போலவே ஏமாற்றும்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது, ஏனென்றால் பிடிமானத்தை உண்மையிலேயே கூட்டுவது அது ஒன்றுதான். கோடைக்கால டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இளகியே இருக்கும் குளிர்கால டயர்தான் தரையைக் கவ்வும். பின்லாந்து 1978இலும் ஸ்வீடன் 1999இலும் குளிர்கால டயரைச் சட்டமாக்கின. நான்கு சக்கர இயக்கமும் ஈஎஸ்பியும் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை, எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கத்தான் செய்கிறது. ஈஎஸ்பியை நிறுத்தும் பொத்தானுக்கு நியாயமான பயன் ஒன்று உண்டு. ஆழ்ந்த பனியில் சக்கரம் புதைந்தால், அது சுழலும்போதெல்லாம் கருவி இன்ஜின் விசையைக் குறைத்துவிடும். அப்போது அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் அசைத்து வண்டியை மீட்கலாம். மீண்டதும் உடனே மறுபடி இயக்க வேண்டும்.

டொரன்டோவிலும் ஒஸ்லோவிலும் இன்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் பனிச் சாலையில் கார் ஓட்டுகிறார்கள். அவர்களில் பலர் ஓட்டக் கற்றது உறைபனியே விழாத ஊர்களில். கியூபெக்கில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பக்கத்து ஒன்டாரியோவில் பொதுவாக அப்படி இல்லை, ஆனால் பொருத்தினால் காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் பனிக்கு முன்பே டயரை மாற்றிவிடுங்கள். பனி விழுந்தபின் ஆளற்ற வாகன நிறுத்தத்தில், அனுமதி உள்ள இடத்தில், மெதுவான வேகத்தில் ஒரே ஒரு முறை பிரேக்கை முழுக்க அழுத்தி, மிதி அதிரும்போதும் காலை எடுக்காமல் வைத்துப் பாருங்கள். வண்டி நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தை இறங்கி நடந்து அளந்துவிட்டு வாருங்கள்.