எவான்ஸ் பலியாட்டம்

எவான்ஸ் பலியாட்டம் என்பது சதுரங்கத் திறப்புகளுள் ஒன்று. வெள்ளைக்காய்களுடன் ஆடுபவர் நான்காவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து, அதற்கு ஈடாகப் பலகையின் நடுப்பகுதியையும் நேரத்தையும் பெற முயல்வது இதன் அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றிருந்த இத்திறப்பு, பின்னர் பெரிய போட்டிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. இன்று இணையவழி விரைவு ஆட்டங்களில் மீண்டும் காணப்படுகிறது.

தோற்றம்

இதை வகுத்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் (1790–1872). 1820களில் லண்டனில் வலிமை மிக்க ஆட்டக்காரரான அலெக்சாண்டர் மெக்டானலை இம்முறையால் அவர் வென்றார். 1834இல் மெக்டானலும் பிரான்சின் லா போர்தொனேயும் ஆடிய 85 ஆட்டங்களில் இத்திறப்பு பலமுறை இடம்பெற்றது.

ஆட்டமுறை

இரு தரப்பும் அரசனின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, ஒரு குதிரையையும் ஒரு மந்திரியையும் வெளியே கொண்டுவருகின்றன. அடுத்து வெள்ளை, பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளுகிறது. கறுப்பு மந்திரி அதை வெட்டினால், வெள்ளை சி3 கட்டத்தில் மற்றொரு சிப்பாயை வைத்து அம்மந்திரியை விரட்டுகிறது. மந்திரி பின்வாங்கியதும் வெள்ளை டி4 கட்டத்தைப் பிடித்து, அரசனைக் கோட்டை கட்டிக் காத்துக்கொள்கிறது. கறுப்பு அரசனைத் தவிர வேறு காவல் இல்லாத எஃப்7 கட்டமே தாக்குதலின் முதல் இலக்கு.

என்றும் பசுமையான ஆட்டம்

1852இல் பெர்லின் நகரில் அடோல்ஃப் ஆண்டர்சன், ழான் துஃப்ரேனுக்கு எதிராக இத்திறப்பை ஆடினார். அவர் முதலில் குதிரையையும், அடுத்து யானையையும், இறுதியில் அரசியையும் பலி கொடுத்தார். எஞ்சிய இரண்டு மந்திரிகளும் ஒரு சிப்பாயும் 24ஆம் நகர்த்தலில் கறுப்பு அரசனை முடக்கின. இது 'என்றும் பசுமையான ஆட்டம்' என்ற பெயரால் அழைக்கப்படுகிறது.

சரிவு

ரஷ்யாவின் மிகயீல் சிகோரின் இத்திறப்பைப் பெரிதும் விரும்பினார். 1889இல் ஹவானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் வில்லெம் ஸ்டைனிட்ஸுக்கு எதிராகவும் ஆடினார். ஆயினும் பட்டம் ஸ்டைனிட்ஸிடமே இருந்தது. பின்னர் இம்மானுவேல் லாஸ்கர் எளிய மறுமொழி ஒன்றைக் காட்டினார். கறுப்பு பலியை ஏற்றுக்கொண்டு, தக்க சமயத்தில் அச்சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது தாக்குதல் தணிகிறது. வெள்ளையின் சிப்பாய் அமைப்போ பலவீனமாக நிற்கிறது. கிடைத்ததைக் கைவிடாமல் காக்க முயல்பவரே இத்திறப்பில் தோற்றனர் என்பதை லாஸ்கரின் வழி உணர்த்தியது.

மறுபிறப்பு

1995இல் ரீகா நகரில் காரி காஸ்பரோவ் இப்பழைய திறப்பைச் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்துக்கு எதிராக ஆடி, 25 நகர்த்தல்களில் வென்றார். அதே ஆண்டில் நியூயார்க்கில் இருவரும் உலகப் பட்டத்துக்காக மோதினர். நூற்றாண்டு பழமையான ஆயுதமும் எதிர்பாராத வேளையில் பயன்படும் என்பதற்கு இது சான்று.

இணைய ஆட்டங்களில்

கணினி நிரல்கள் இத்திறப்பில் கறுப்புக்கு ஆபத்து இருப்பதாகக் கருதுவதில்லை. ஆனால் மூன்று அல்லது ஐந்து நிமிட ஆட்டத்தில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சரியான பதிலைக் கண்டுபிடிப்பது மனிதர்க்கு எளிதன்று. பலி கொடுத்தவருக்குத் தாக்கும் வழி தெரியும். ஏற்றவரோ ஒவ்வொரு நகர்த்தலிலும் யோசிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நிரல் பிழையைச் சுட்டிக்காட்டிவிடுவதால், அதைப் படிப்பவர் மறுமுறை அதே வலையில் விழுவதில்லை. இத்திறப்பைக் கற்கும் மாணவர்கள் ஆண்டர்சனின் தாக்குதலோடு லாஸ்கரின் தற்காப்பையும் சேர்த்தே பயில்வது நல்லது.