பறங்கிப்புண்ணும் கீழ்ப்பாக்கமும்

உடுமலைப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்று ஒன்று விற்பார்கள். பெயர்தான் பட்டை, உண்மையில் அது கிழங்கு! மேகநோய்க்குச் சித்த வைத்தியர்கள் கொடுத்து வந்த மருந்து. அந்த நோய்க்கே பறங்கிப்புண் என்று ஒரு பெயர் உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். அதன்பின் பறங்கியரோடு வந்த வியாதி என்பதால் இந்தப் பெயர். ஆங்கில மருத்துவத்தில் இதுதான் சிபிலிஸ்.

இந்த நோய் ஒரு பெரிய ஏமாற்றுக்காரன். முதலில் வலியில்லாத ஒரு புண், சில வாரங்களில் தானே ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்புகள், அவையும் மறையும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். சிலருக்குச் சில மாதங்களிலேயே மூளை உறையைத் தாக்கும். வேறு சிலருக்கு 10 முதல் 30 வருடங்கள் கழித்து மூளையையே அரிக்கும். அப்போது ஞாபகம் போகும், குணம் மாறும், நாக்கு குழறும். கஞ்சிக்கு வழியில்லாதவர் தன்னை ராஜா என்பார். பிறகு கைகால் விழுந்து, சில வருடங்களில் மரணம்.

சென்னையில் பைத்தியக்காரர் விடுதி 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. புத்தி பேதலித்தவர்களுக்கு அப்போது அதுதான் போக்கிடம். அதே காலத்தில், 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டப்படி பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அவர்களிடம் போன ஆண்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை! 1888இல்தான் அது ரத்தானது. அப்போது கையில் இருந்த மருந்து பாதரசம். அது நோயாளியின் பற்களைக் கொட்ட வைத்ததே தவிர மூளையைக் காப்பாற்றவில்லை.

புண்ணுக்கும் பைத்தியத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று சந்தேகித்தவர்கள் உண்டு. இறந்த நோயாளிகளின் மூளையிலேயே கிருமியைக் காட்டியவர்கள் நொகுச்சியும் மூரும், 1913இல். 1917இல் வாக்னர்-யாவ்ரெக் என்ற வியன்னா மருத்துவர் மலேரியா ரத்தத்தை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் இதைக் குணப்படுத்தப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் மலேரியாவிலேயே செத்தார்கள். 1927இல் அவருக்கு நோபல் பரிசு!

1943இல் பென்சிலின் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. ஆனால் அது கிருமியைத்தான் கொல்லும், அழிந்துபோன மூளையைத் திருப்பித் தராது. எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் அதைச் செய்கிறார்கள். ஆண்கள் கூச்சப்பட்டு, புண் ஆறியதும் மறந்துவிடுகிறார்கள்.