ஓய்வூதியக் கணக்கின் இணைய வாசல்: பிளானோ தமிழர்களும் ஊர் திரும்பியோரும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே அமைந்துள்ளது பிளானோ. டொயோட்டா நிறுவனம் தனது வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-இல் இங்கு திறந்தது. வங்கிகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் மிகுந்த இந்நகரில் தமிழர்கள் பலர் பணியாற்றி வருகின்றனர். அவர்களின் முதுமைக்காலச் சேமிப்பு பொதுவாக இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று, மத்திய அரசின் சோஷியல் செக்யூரிட்டி. மற்றொன்று, நிறுவனத்தின் வழியாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கப்படும் 401-கே கணக்கு.

இரண்டுக்கும் வாசல் இன்று பெரும்பாலும் இணையத்தளமே. ஆனால் அந்த வாசல் உடைக்கப்பட்டால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, வங்கிக் கணக்குக்குக் கிடைப்பதைப் போன்றதல்ல என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

வங்கி அட்டையோ இரகசிய எண்ணோ களவு போனதை அறிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டின் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் கூறுகிறது. 401-கே கணக்குகளுக்கு அத்தகைய வரம்பு இல்லை. அவற்றுக்குப் பொருந்தும் 1974-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியச் சட்டம், அதாவது எரிசா, நிதியை நிர்வகிப்பவர்கள் விவேகத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. இணையத் திருடனிடம் போன பணத்தை யார் ஈடு செய்வது என்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை. இணையம் மக்களின் கைக்கு வருமுன் எழுதப்பட்ட சட்டம் அது. எனவே இழந்தவர் நீதிமன்றத்துக்குச் செல்ல நேரிடுகிறது.

இரண்டு வழக்குகள்

அபாட் லேபரட்டரீஸ் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் 2020-இல் தொடுத்த வழக்கு பலரின் கவனத்தை ஈர்த்தது. 2018 டிசம்பர் இறுதியில் யாரோ ஒருவர், ஓய்வூதியத் திட்டத்தின் இணையத்தளத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற வழியாக அவரது கணக்கினுள் நுழைந்தார். ஒரு முறை மட்டும் பயன்படும் குறியீடு அவருடைய மின்னஞ்சலுக்கே சென்றது. ஆனால் அந்த மின்னஞ்சலும் திருடனின் வசம் இருந்ததாக வழக்கு மனு கூறுகிறது. அடுத்த மாதம் 2 லட்சத்து 45 ஆயிரம் டாலர் வெளியேறியது. அபாட் நிறுவனத்தை வழக்கிலிருந்து விடுவித்த நீதிமன்றம், கணக்கை நிர்வகித்த அலைட் நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர அனுமதித்தது.

கோல்கேட் பாமாலிவ் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரின் வழக்கு 2022-இல் தொடங்கியது. அவர் தென்னாப்பிரிக்காவில் வசித்தவர். அவருடைய முகவரிக்கு அஞ்சலில் அனுப்பப்பட்ட தற்காலிக இரகசிய எண் இடையில் கைப்பற்றப்பட்டது. பின்னர் தொலைபேசி எண், மின்னஞ்சல், வங்கி விவரம் ஆகியன ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. இறுதியில், 2020-இல், சுமார் 7 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கான காசோலை வேறு முகவரிக்குச் சென்றது என்பது அவரது குற்றச்சாட்டு.

இரண்டிலும் கடவுச்சொல்லை யாரும் ஊகித்து உடைக்கவில்லை. கடவுச்சொல்லை மீட்டுத் தரும் பக்கவழியில்தான் திருடன் நுழைந்திருக்கிறான். பாதிக்கப்பட்ட இருவருமே பணியிலிருந்து விலகியவர்கள் என்பதும் கவனிக்கத் தக்கது.

தொடங்காத கணக்கும் ஆபத்தே

இணையத்தில் கணக்கே தொடங்காதிருப்பதுதான் பாதுகாப்பு என்று மூத்தோர் சிலர் எண்ணுகின்றனர். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுரை இதற்கு நேர்மாறானது. உரியவர் பதிவு செய்யாவிட்டால், அவருடைய பெயரில் வேறொருவர் பதிவு செய்துகொள்ளக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. அதே அறிவுரை, 120 நாட்களுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றுமாறும் கூறியது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றும்படி பயனரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அரசின் மற்றொரு அமைப்பான தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2017-லேயே கூறிவிட்டது. இதில் பிந்தைய அமைப்பின் கருத்தே ஏற்புடையது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் பழைய சொல்லின் முடிவில் ஓர் எண்ணைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒரே சொல் அதைவிட மேலானது.

சோஷியல் செக்யூரிட்டியின் 'மை சோஷியல் செக்யூரிட்டி' கணக்கு 2012-இல் அறிமுகமானது. அதன் பழைய பயனர் பெயர் முறை 2025-இல் கைவிடப்பட்டது. இப்போது அரசின் 'லாகின் டாட் கவ்' அல்லது தனியார் நிறுவனமான 'ஐடி டாட் மீ' வழியாகவே நுழைய வேண்டும். கடவுச்சொல்லுடன் இரண்டாவது சான்றும் கேட்கப்படும். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எளிதானது. ஆனால் அந்த எண்ணையே மோசடியாக வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிவிட முடியும் என்பது அதன் பலவீனம். கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலி, அல்லது பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவி, இதைவிட உறுதியானது.

ஊர் திரும்புவோர்

பிளானோ தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 401-கே கணக்கைத் தொடங்கும்போது அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்தவர்கள், வேலை போன அன்றே அதை இழக்கின்றனர். விசா முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ திரும்புவோர் அமெரிக்கக் கைபேசி எண்ணையும் விட்டுவிடுகின்றனர். கைவிடப்பட்ட எண்ணை 45 நாட்கள் கழித்து வேறொருவருக்கு வழங்க அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. அதன் பிறகு ஓய்வூதியக் கணக்கின் குறியீடு முன்பின் அறியாத ஒருவரின் கைபேசியில் ஒலிக்கும்.

ஆகவே புறப்படும் முன்பே சொந்த மின்னஞ்சலையும் குறியீட்டுச் செயலியையும் பதிவு செய்து, மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. அஞ்சல் முகவரியையும் மறக்கக் கூடாது. 'லாகின் டாட் கவ்' அடையாளச் சரிபார்ப்புக்கு ஓட்டுநர் உரிமம் பெரிதும் உதவும். விசாவில் இருப்போரின் டெக்ஸாஸ் உரிமம் அவர்களது தங்கும் காலத்தோடு காலாவதியாவதால், இதைத் தள்ளிப்போட இயலாது.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு தேவை. இந்தியாவுடனோ இலங்கையுடனோ அமெரிக்காவுக்கு இதற்கான பரஸ்பர ஒப்பந்தம் இல்லை. எனவே முன்னதாகத் திரும்பியவருக்கு 401-கே மட்டுமே எஞ்சும். அதையும் அவர் பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்து காக்க வேண்டும்.

இதே சிக்கல் மறுபக்கத்திலும் உண்டு. இந்தியாவில் முன்பு சேர்த்த வருங்கால வைப்பு நிதியை இணையத்தில் எடுக்க, ஆதாருடன் இணைந்த கைபேசி எண்ணுக்குக் குறியீடு வரும். அந்த இந்திய எண்ணை அமெரிக்கா வந்ததும் கைவிட்டவர்கள் அங்கேயும் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர்.

குடும்பங்களில் கணவரே மனைவியின் கணக்கையும் தம் மின்னஞ்சலில் வைத்திருப்பது வழக்கம். சில நிதி நிறுவனங்கள் திருட்டுக்கு ஈடு தருவதாகத் தாமாகவே உறுதி அளிக்கின்றன. ஆனால் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டவருக்கு, அது வீட்டாராகவே இருந்தாலும், அந்த உறுதி பொருந்தாமல் போகலாம்.

தெரியாத மாற்றம் ஏதேனும் கண்ணில் பட்டால், கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் மட்டுமன்றி எழுத்து மூலமும் அன்றே தெரிவிக்க வேண்டும். பணி வழங்கிய நிறுவனத்துக்கும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கும் தகவல் தர வேண்டும். சோஷியல் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை, தமது பதிவுகளை இணையம் வழியாக எவரும் அணுகாதபடி முடக்குமாறு கேட்கும் வசதியும் உண்டு. அதன் பின் உரியவராலும் இணையத்தில் நுழைய முடியாது. முடக்கத்தை நீக்க அலுவலகத்தைத் தொடர்புகொண்டு அடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும்.