இரண்டு மில்லிமீட்டர் வண்டும் 150 வருடப் பெயர்க் குழப்பமும்

தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், துப்பறியும் கதை மாதிரியான விஷயம் இது.

அம்புரோசியா வண்டுகள் மரத்தைக் குடையும், ஆனால் மரத்தைத் தின்னாது. குடைந்த சுரங்கத்தின் சுவரில் பூஞ்சை பயிரிட்டு அந்த விளைச்சலைத்தான் தின்னும். (நாம் நெல் போடுவதற்கு முன்பிருந்தே இவை விவசாயிகள்!) 1836இல் ஷ்மிட்பெர்கர் என்பவர் அந்த வெள்ளைப் பொருளுக்குக் கிரேக்கத் தேவர்களின் உணவுப் பெயரை வைத்தார். நம்மூர்க் கணக்கில் அமிர்தம். அது பூஞ்சை என்று 1844இல் சொன்னவர் ஹார்டிக்.

1868இல் ஐக்ஹாஃப் என்ற ஜெர்மானியர், இலங்கையில் கிடைத்த ஒரு வண்டுக்கு 'ஃபோர்னிகேட்டஸ்' என்று பெயரிட்டார். அப்போது இலங்கை காப்பித் தீவு. தேயிலைத் தோட்டம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இலைத்துரு நோயில் காப்பி அழிந்து தேயிலை பரவிய பிறகு, செடிகளின் கிளையில் துப்பாக்கி ரவை பட்டதுபோல் துளைபோடும் வண்டு ஒன்று தொல்லை கொடுத்தது. தோட்டக்காரர்கள் அதை 'ஷாட் ஹோல் போரர்' என்றார்கள். ஐக்ஹாஃபின் வண்டுதான் இது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வால்பாறை, நீலகிரித் தேயிலை பற்றிய கட்டுரைகளிலும் அதே பெயர்தான்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பெயர் வைத்தவரின் மாதிரி வண்டை எடுத்து ஒப்பிட வேண்டும். ஆனால் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்த ஐக்ஹாஃபின் சேகரிப்பு இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டது.

2003இல் கலிபோர்னியாவில் ஒரு வண்டு பிடிபட்டது. பார்த்தால் அச்சு அசல் தேயிலை வண்டு. 2009இல் இஸ்ரேலில் வெண்ணெய்ப்பழ மரங்களில் அதே மாதிரி. டி.என்.ஏ.வைப் பார்த்தபோதுதான் ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. கண்ணால் பிரிப்பது ஏன் கஷ்டம் என்றால், உடம்பு சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான், இனத்துக்கு இனம் அளவில் வித்தியாசமும் மயிரிழைதான். எந்த இனம் என்று தெரியாவிட்டால் அது எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே அதற்கு எதிரி எது என்று தேடவே முடியாது.

2018இல் ஓர் ஆய்வுக்குழு பெயர்களைப் பங்கிட்டது. தேயிலை வண்டுக்கு ஃபோர்னிகேட்டஸ். கலிபோர்னியா, இஸ்ரேல் வண்டுக்கு 1942இல் ஷெடல் வைத்த விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள் :-)). அடுத்த வருடமே எல்லாம் தலைகீழ்! தொலைந்ததாக நினைத்த ஐக்ஹாஃபின் மாதிரி ஒன்று கிடைத்துவிட்டது. அளந்து பார்த்தால், அது தேயிலை வண்டே இல்லை. கலிபோர்னியாவில் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த அதே இனம். ஆக, ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் அதற்கே போனது. தேயிலை வண்டுக்கு 1951இன் பழைய பெயரான 'பெர்பிரெவிஸ்' தூசி தட்டி எடுக்கப்பட்டது. தேயிலையிலேயே இருக்கும் இன்னொரு இனத்துக்கு 'ஃபோர்னிகேட்டியர்', 1923இல் எக்கர்ஸ் வைத்தது.

இந்த மூன்றுமே இலங்கையில் உண்டு. எங்கள் அரியூர்ப் பக்கம் வரப்போரம் தானாக முளைக்கும் ஆமணக்கும் இந்தக் கூட்டத்துக்குப் பிடித்த செடிதான். 1947இல் காட், லூஸ் இருவரும் இலங்கைத் தேயிலை வண்டின் பூஞ்சையை விவரித்தபோதும் வண்டின் பெயர் ஃபோர்னிகேட்டஸ் என்றுதான் எழுதினார்கள். இனி அதைப் படிப்பவர் பெர்பிரெவிஸா, ஃபோர்னிகேட்டியரா என்று யோசிக்க வேண்டும். அன்றைய வண்டு ஏதாவதொரு டப்பாவில் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தால்தான் பதில் கிடைக்கும்.