கிரிட்டும் எதிர்வீட்டு அண்ணனோட நோட்டும்

போன தீபாவளிக்கு குடியாத்தம் போயிருந்தப்ப எதிர்வீட்டுல வெள்ளையடிக்கிற வேலை நடந்துட்டு இருந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போட வாசல்ல அடுக்கி வச்சிருந்த கட்டுல ஒரு நோட்டு. அட்டையில "கிரிட் பயிற்சி, 2006"ன்னு பேனாவுல எழுதியிருந்தது. எதிர்வீட்டு அண்ணன் அப்ப ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல சிஸ்டம் அட்மின். பொட்டி தட்டுறவன் கை சும்மா இருக்குமா? கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அந்த நோட்டைப் புரிஞ்சுக்கறதுக்காகத் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கிரிட்டுன்னா என்ன? எங்க ஊர்க்காரங்களுக்குச் சுலபமா விளங்கும். கான்ட்ராக்டர்கிட்ட இலையும் தூளும் வாங்கிட்டு வந்து, வீட்டுல உட்கார்ந்து பீடி சுத்தி, கட்டு கட்டித் திருப்பிக் கொடுப்பாங்க. வாங்கினதும் கொடுத்ததும் பாஸ்புக்குல ஏறும். வேலை ஒண்ணு, வீடு நூறு. கிரிட்டும் அதேதான். பெரிய கணக்கைத் துண்டு போட்டு, வேற வேற ஊர்ல, வேற வேற நிறுவனங்களுக்குச் சொந்தமான கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, விடையை வாங்கிச் சேர்க்கிறது. பாஸ்புக்குக்குப் பதிலா டிஜிட்டல் சான்றிதழ். அது இல்லாதவனுக்கு உள்ளே இடமில்லை.

கொசுவத்தியை 1995க்குச் சுத்துவோம். அமெரிக்காவுல சான் டியாகோவில் நடந்த சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டுக்காக 17 இடங்கள்ல இருந்த பெரிய மெஷின்களை ஒண்ணா இணைச்சாங்க. பேரு ஐ-வே. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு விதமான மெஷின், ஒரு விதமான பாஸ்வேர்டு, ஒரு விதமான சட்டதிட்டம். அதனால ஒவ்வொரு வாசல்லயும் ஒரே மென்பொருள் போட்ட ஒரு மெஷினைக் காவலுக்கு வச்சாங்க. அந்த அனுபவத்துல இருந்துதான் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸ்ஸெல்மன் குழுவோட 'குளோபஸ்' மென்பொருள் வளர்ந்தது. ப்ளக்கைச் சொருகினா கரண்ட் வர்ற மாதிரி கணக்குப் போடும் சக்தியும் வரணும்ங்கறது கனவு. மின்சார கிரிட்டுல இருந்து எடுத்த பேருதான் இது.

நம்ம நாட்டுல சி-டாக் நிறுவனம் 'கருடா' தேசிய கிரிட்டை ஆரம்பிச்சது. முதல் கட்டத்துல 17 நகரங்கள், 45 நிறுவனங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அதுல உண்டு. வரைபடத்துல பார்க்க அழகா இருக்கும், ஊருக்கு ஒரு புள்ளி. ஆனா ஒவ்வொரு புள்ளியிலும் ஒருத்தர் உட்கார்ந்து இதையெல்லாம் நிறுவியாகணுமே?

அங்கதான் நம்ம நோட்டு வருது. குளோபஸ் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' ரகம் இல்லை. மூல நிரலில் இருந்து கம்பைல் பண்ணவே மணிக்கணக்கா ஓடும். அப்புறம் ஹோஸ்ட் சான்றிதழ், அதோட சாவி. அந்தச் சாவிக் கோப்புக்கு அனுமதி 400தான் இருக்கணும், அதாவது சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம். ஃபயர்வால்ல 2119, 2811 போர்ட்டுகளைத் திறக்கணும். பயனருக்குக் கிடைக்கிற ப்ராக்ஸி சான்றிதழுக்கு வழக்கமா 12 மணி நேரம்தான் ஆயுசு. இவ்வளவும் எழுதிட்டு அண்ணன் ஒரு பக்கத்துல மூணு கோடு போட்டு வச்சிருந்தது: "நேரம் பார்!!!" முதல் நாள் முழுக்க 'சான்றிதழ் செல்லாது'ன்னே பதில் வந்துதாம். கடைசியில பார்த்தா மெஷின் கடிகாரம் தப்பு. சான்றிதழ் தொடங்குற நேரமே அந்த மெஷினுக்கு இன்னும் வரலை!

இதை ஸ்லைடு போட்டுச் சொல்லிக் கொடுக்க முடியாது. கை வச்சு, கெடுத்து, திரும்பப் போட்டாத்தான் வரும். ஆனா ஓடிக்கிட்டு இருக்கிற கிரிட்டைக் கெடுத்துப் பழக யார் விடுவா? இதுக்காகவே இத்தாலியோட அணு இயற்பியல் நிறுவனமான ஐ.என்.எஃப்.என். 2004ல் 'கில்டா'ன்னு பயிற்சிக்கான தனி கிரிட்டே கட்டுச்சு. கட்டானியா நகரத்துல இருந்து நடத்தினாங்க. பழகறதுக்குன்னே தனிச் சான்றிதழ், தனி மெஷின்கள்.

நோட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'கிரிட்-மேப்ஃபைல்' பக்கம். சின்ன டெக்ஸ்ட் கோப்புதான். ஒரு வரியில முன்பின் பார்க்காத ஒருத்தரோட சான்றிதழ்ப் பேரு, பக்கத்துல நம்ம மெஷின்ல அவருக்கான கணக்கு. வேற ஊர்க்காரரை நம்பி நம்ம வீட்டுச் சாவியைக் கொடுக்கற மாதிரி. ஒப்பந்தம் போட்டது இயக்குநர்கள். அந்த வரியை டைப் பண்ணது அட்மின். கிரிட் உண்மையில பிறந்தது அந்த வரியிலதான்னு எனக்குத் தோணுது.

அண்ணன் பயிற்சிக்குப் போன அதே 2006ல்தான் அமேசான் ஈசி2 சேவையும் வந்தது. கார்டைத் தேய்ச்சா மெஷின் ரெடி, யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. கிளவுடு ஜெயிச்சது. திறந்த மூல குளோபஸுக்கான ஆதரவை 2018ல் அதை உருவாக்கினவங்களே நிறுத்திட்டாங்க. கிரிட் ஆர்வலர்கள் அதை வேற பேருல எடுத்து நடத்தறாங்க. ஆனா கிரிட் சாகலை. செர்னோட உலகளாவிய கிரிட்டுல 40க்கும் மேற்பட்ட நாடுகளோட கணினி மையங்கள் இருக்கு. நம்ம மும்பை டி.ஐ.எஃப்.ஆரும் கொல்கத்தா வி.இ.சி.சி.யும் அதுல சேர்த்தி. 2012 ஜூலை 4, ஹிக்ஸ் போசான் அறிவிப்பு அன்னைக்கு, செர்ன் இயக்குநர் ரால்ஃப் ஹோயர் கிரிட்டுக்கும் அதுல பங்கு உண்டுன்னு சொன்னார். ராத்திரி கண் முழிச்சு நிறுவினவங்க பேரு எந்தச் செய்தியிலயும் வரலை.

அண்ணன் காலேஜ்ல ரெண்டு மெஷின்ல கிரிட் ஓடிச்சாம். செமஸ்டர் பிராக்டிகல் வந்ததும் ரெண்டையும் அழிச்சு விண்டோஸ் போட்டுட்டாங்களாம். "அதெல்லாம் இப்ப யாருக்குடா வேணும்?"னு சிரிச்சார்.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க ஆபீஸ் சர்வர் ஒண்ணு புதுச் சான்றிதழை ஏத்துக்க மாட்டேன்னு அடம் பிடிச்சது. நாலு பேர் ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சோம். அப்புறம் எனக்கு அந்த மூணு கோடு ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிஷம் பின்னாடி.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. நோட்டு எடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க.