பேரிடர் வாடகை உதவி

வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ வீடிழந்தவர்கள், நிரந்தர வீடு கிடைக்கும்வரை வாடகைக்குக் குடியிருக்க அரசு மாதந்தோறும் தரும் தொகை. நிவாரண முகாமை மூடிய பிறகுதான் இதன் தேவை தொடங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டி 2023 டிசம்பரில் கிடைத்தது வாடகை உதவி அல்ல, ஒருமுறை நிவாரணம். மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த ரூ.6,000, காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுமைக்கும், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் 3 வருவாய் கிராமங்களுக்கும் பொருந்தியது. ரேஷன் கடையில் நாளும் நேரமும் குறித்த டோக்கனைக் காட்டினால் கையில் ரொக்கம். அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ரேஷன் அட்டை சொந்த ஊரில், வேலை இங்கே என்று நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது கடினம்.

மாத வாடகைக்கு அண்மைச் சான்று கேரளத்தின் வயநாடு. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. கேரள அரசு குடும்பத்துக்கு மாதம் ரூ.6,000 வாடகை அறிவித்தது. உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தவர்களுக்கும் அதே தொகை. மிகச் சரியான முடிவு அது. இலவச அரசுக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வாடகை கிடையாது. வயநாட்டு மக்களுக்கான புதிய குடியிருப்புக்குக் கல்பற்றாவில் 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மாகாண அரசுகளே தனியார் வீடுகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தன. வீட்டு உரிமையாளர்கள் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் தமிழ்நாட்டுக்கு இம்முறை கூடுதலாகப் பொருந்தும். வயநாட்டு மக்களுக்கான புதிய குடியிருப்புக்குக் கல்பற்றாவில் 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.